கிராமத்துக்கேற்ற கைத்தொலைபேசி

மலைநாட்டுத் தோட்டங்களிலும் வன்னியின் காட்டோரக் குடியிருப்புகளிலும் ஊருக்கு ஒரு பாறையோ மரமோ உண்டு. வரைபடத்தில் அதற்குப் பெயர் இராது. ஆயினும் ஊரார் அனைவரும் அதனை அறிவர். பொழுது சாயும் வேளையில், கொழும்பிற் கடையொன்றில் வேலைபார்க்கும் மகனோடு பேச விரும்பும் தாயும், மத்திய கிழக்கிலிருக்கும் மனைவியின் குரலைக் கேட்க விரும்பும் கணவனும் அங்கேதான் வந்து நிற்பர். ஊரெங்கும் ஊமையாய்க் கிடக்கும் கைத்தொலைபேசி உயிர் பெறுகின்ற இடம் அது ஒன்றே.

கொள்ளைநோய்க் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தப் பாறைகளும் மரங்களும் வகுப்பறைகளாயின. ஊவா மாகாணத்துப் போஹிட்டியாவ என்னுங் கிராமத்தின் பிள்ளைகள் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, மலையுச்சிப் பாறையொன்றில் அமர்ந்து பாடங்களைப் பெற்றுக்கொண்ட செய்தி 2021 ஆம் ஆண்டிலே பிறநாட்டுப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. லுணுகலைப் பகுதியில் மரத்தின்மீது பரண் கட்டிப் பிள்ளைகள் படித்தனர். படிப்புக்காவது பகற்பொழுதில் மலையேறலாம். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டால், 1990 என்னும் இலக்கத்தைச் சுழற்றி அம்புலன்ஸ் வண்டியை அழைக்க எந்தப் பாறைக்கு ஓடுவது? மண்சரிவு எச்சரிக்கை வந்து சேரவேண்டிய தொலைபேசி, மழை பெய்யும் இரவில் தகரக் கூரையின் கீழ்ச் செவிடாய்க் கிடந்தால் யாது பயன்?

இத்தகைய ஊரில் வாழும் ஒருவர் புதிய கைத்தொலைபேசி வாங்க நகரத்துக்குச் செல்லுகின்றார் என்று கொள்வோம். பண்டாரவளையோ, ஹற்றனோ, கிளிநொச்சியோ, எந்த நகரமாயினும் காட்சி ஒன்றே. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளை எடுத்து வைக்கின்றார். படம்பிடிக்கும் கண் எத்தனை, திரை எவ்வளவு அகலம், நினைவகம் எவ்வளவு என்று விரிவாகச் சொல்லுகின்றார். சிக்னல் எப்படி என்று கேட்டால், திரையின் மூலையில் உள்ள கோடுகளைக் காட்டுகின்றார். கோடுகள் நிறைந்து நிற்கின்றன. நிற்காமல் என்ன செய்யும்? கடைக்கு மேலே இரண்டு தெரு தள்ளித்தானே கோபுரம் நிற்கிறது! அங்கே மிக மட்டமான கருவிக்கும் கோடுகள் நிறையும். பஸ் வண்டியில் ஏறித் தோட்டத்து வளைவில் இறங்கியதும் அக்கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து விடுகின்றன. அரை மாதச் சம்பளமும் அவற்றோடு போய்விடுகின்றது.

இப்படி ஏமாறாதிருக்க வேண்டுமானால், கருவியைப் பார்க்குமுன் அலையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். வானொலி நேயர்களுக்கு இது கடினமன்று. அதே லயத்தில், அதே அறையில், மத்திய அலையில் வானொலி தெளிவாகப் பாடுகிறது. அதன் அருகிற் கிடக்கும் கைத்தொலைபேசியோ மௌனம் சாதிக்கிறது. இரண்டும் மின்காந்த அலைகளைக் கொண்டே இயங்குகின்றன. வேறுபாடு அலையின் நீளத்தில் இருக்கிறது. ஆயிரம் கிலோஹேட்ஸ் மீடிறனில் ஒலிபரப்பாகும் மத்திய அலையின் நீளம் 300 மீற்றர். அத்தகைய நெடிய அலை மலையின் தோளைத் தழுவி வளைந்து மறுபுறத்துப் பள்ளத்திலும் இறங்கும். கைத்தொலைபேசியின் அலையோ 900 மெகாஹேட்ஸ் பட்டையில் 33 சென்ரிமீற்றர். 1800 இல் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர். 2300 இல் 13 சென்ரிமீற்றர். ஒரு முழத்துக்கும் குறைந்த இந்தச் சிற்றலைகளுக்கு மலை ஒரு மதில். மலைக்குப் பின்னால் நிழல் விழுகிறது. சூரிய ஒளிக்கு நிழல் இருப்பதுபோலவே இதற்கும் நிழலுண்டு. ஒளியின் நிழலைப்போல அது கூரிய விளிம்புடையதன்று என்பதே வேறுபாடு. அந்நிழலுள்ளும் குறைந்த மீடிறனுக்குரிய நீண்ட அலை சற்று அதிகமாக நுழையும். இலைச்செறிவையும் சுவரையும் ஊடுருவுவதிலும் 900 இன் அலை 1800 இன் அலையிலும் மேலானது. ஆகவே, கிராமத்தவருக்கு முதன்மையான இலக்கம் கண்கவரும் படங்களின் மெகாபிக்சல் அன்று, இந்த மெகாஹேட்ஸ்தான்.

வானொலிக்கும் தொலைபேசிக்கும் இன்னுமொரு வேறுபாடு உண்டு. வானொலிப் பெட்டி கேட்டால் மட்டும் போதும். தொலைபேசி மறுமொழியும் சொல்ல வேண்டும். கோபுரம் பல பத்து வாற்று வலுவோடு பேசுகிறது. நான்காந் தலைமுறைக் கைத்தொலைபேசி பொதுவாக ஒரு வாற்றின் ஐந்திலொரு பங்கு வலுவோடு மட்டுமே மறுமொழி கூற முடியும். இரண்டாந் தலைமுறைக் கருவி 900 பட்டையில் கணநேரத் துடிப்புகளாக 2 வாற்று வரை செல்லும். கோபுரத்தின் குரல் வீட்டில் மெல்லியதாகக் கேட்டும், அழைப்பு எடுபடாமற் போவதற்கும், அவர் பேசுவது கேட்கிறது, இங்கே பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்ற வழக்கமான முறைப்பாட்டுக்கும் பல வேளைகளில் இதுவே காரணம். தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டக் கருவி தன் முழுவலுவையும் செலுத்திக் கத்துகிறபடியால் மின்கலமும் விரைவிற் காலியாகின்றது. நகரத்தில் இரண்டு நாள் தாங்கும் கருவி தோட்டத்தில் ஒரு நாள் தாங்காததில் வியப்பில்லை.

இனி, அந்தக் கோடுகளின் கதை. ஐந்து கோடு என்றால் இவ்வளவு வலு என்று உலகப் பொதுவான அளவுகோல் எதுவுமில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல வரைகிறது. 2010 ஆம் ஆண்டில் ஐபோன் 4 வெளிவந்தபோது, கருவியின் இடப்புறக் கீழ்மூலையைக் கையாற் பொத்தினாற் சமிக்ஞை வீழ்கின்றது என்று வாங்கியவர்கள் முறையிட்டனர். அப்பிள் நிறுவனம் ஆராய்ந்து, கோடுகளைக் கணிக்கும் தனது சூத்திரமே பிழையென்றும், பல இடங்களில் இருக்கவேண்டியதிலும் இரண்டு கோடு அதிகமாகக் காட்டி வந்ததென்றும் அதே ஆண்டு ஜூலையில் அறிவித்தது. பின்னர், கையும் ஏரியலும் தொடாதிருக்கும்படி உறைகளை இலவசமாக வழங்கியது. உலகின் பெயர்பெற்ற நிறுவனத்தின் கோடுகளே இவ்வாறானால், மற்றவற்றின் கோடுகளைக் கொண்டு இரண்டு கருவிகளை ஒப்பிடுவது, ஒரு கடையின் முழக்கோலால் மறுகடைத் துணியை அளப்பதை ஒக்கும்.

கோட்டுக்குப் பதிலாக எண்ணைப் பார்த்தல் வேண்டும். அன்ட்ரொயிட் வகைக் கருவிகள் பலவற்றில், அமைப்புகளுக்குள் தொலைபேசியைப் பற்றிய பகுதியில், சிம் அட்டையின் நிலை என்னுமிடத்தில் சமிக்ஞை வலு ஓர் எண்ணாகக் காட்டப்படும். அதன் முன்னே கழித்தற் குறி இருக்கும். ஆதலின் எண் சிறிதாகச் சிறிதாகச் சமிக்ஞை பெரிதாகும். நான்காந் தலைமுறையில் 85 என்றால் மிக நன்று. 100 என்றால் வெளியே பேசலாம், உள்ளே தடுமாறும். 110 ஐக் கடந்தால் பேச்சு அறுந்தறுந்து வரும். 120 அளவில் ஊமைதான். இந்த எண்ணின் இயல்பையும் மனத்திற்கொள்ள வேண்டும். மூன்று அலகு குறைந்தால் வலு பாதியாகிறது. பத்து அலகு குறைந்தால் பத்திலொன்றாகிறது. கருவிக்குக் கருவி நான்கைந்து அலகு வேறுபட்டால் அது சிறு வேறுபாடு அன்று. இரண்டாந் தலைமுறையின் எண்ணையும் நான்காந் தலைமுறையின் எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடுதல் கூடாது. அவை வெவ்வேறு பொருளை அளப்பன.

தொலைபேசி வாங்குவதற்கு முன்னே செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. பணம் செலவில்லாதது, ஆனால் மிகச் சிலரே அதனைச் செய்கின்றனர். அயல்வீட்டாரிடமும் உறவினரிடமும் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டை கொண்ட கருவிகள் இருக்கும். அவற்றை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் வாங்கி, முற்றத்தில் ஒருமுறை, வாசற்படியில் ஒருமுறை, அடுப்படியில் ஒருமுறை, படுக்கும் இடத்தில் ஒருமுறை வைத்து எண்களைக் குறித்துக்கொள்ளலாம். கூடுமானால், ஒரே கருவியில் சிம் அட்டைகளை மாற்றி மாற்றி இட்டுப் பார்ப்பது இன்னும் திருத்தமானது. எந்த நிறுவனத்தின் அலை அவ்வீட்டுக்கு வருகின்றது என்பது அப்போது தெரிந்துவிடும். ஊரின் கிழக்கு லயத்துக்கு ஒரு நிறுவனமும் மேற்கு லயத்துக்கு வேறொரு நிறுவனமும் எட்டுவது மலைநாட்டில் இயல்பு. எட்டாத நிறுவனத்தின் சிம் அட்டையை இட்டுவைத்தால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் ஆவதொன்றுமில்லை. அலை எந்தப் பட்டையில் வருகிறது என்பதைக் காட்டும் இலவசச் செயலிகளும் உள்ளன. ஊரிலுள்ள படித்த பிள்ளையொருவர் ஐந்து நிமிடத்திற் பார்த்துச் சொல்லிவிடுவார்.

லயத்து அறைகளைப் பற்றித் தனியே கூறவேண்டும். தோட்டங்களின் பழைய லயங்கள் தடித்த சுவரும் சிறு சாளரமும் தகரக் கூரையும் கொண்டவை. தகரம் வானொலி அலைக்குக் கண்ணாடியைப் போன்றது. பட்ட அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மேலிருந்து வரும் அலைக்கு வழி அடைபட்டபின் கதவும் சாளரமுமே எஞ்சுகின்றன. ஆதலின், லயத்து அறையில் இரண்டடி நகர்ந்தாற் கருவி உயிர் பெறுவதும் இரண்டடி பின்வாங்கினால் மடிவதும் விந்தையல்ல. முற்றத்துக்கும் அடுப்படிக்கும் இடையே பதினைந்து இருபது அலகு வேறுபடக்கூடும். எண்களைக் குறித்தவர், இரவிலே தொலைபேசியை வைக்கவேண்டிய இடம் எது என்பதையும் அப்பொழுதே கண்டுகொள்ளுகின்றார். கோபுரத்தை நோக்கிய சாளரத்தின் விளிம்பில் ஒரு சிறு பலகை அடித்து வைத்தாற் போதும். அது பல ஆயிரம் ரூபாய் பெறும் புதிய கருவியிலும் சிறந்த பயனைத் தரலாம்.

மழை பெய்தாற் சிக்னல் கரைந்துவிடுகிறது என்று பலர் நம்புகின்றனர். கைத்தொலைபேசி பயன்படுத்தும் இந்தப் பட்டைகளில் மழைத்துளி அலையை அத்துணை விழுங்குவதில்லை. நனைந்த இலைகள் விழுங்குகின்றன. றப்பர்த் தோட்டத்துக்கும் தேக்கங்காட்டுக்கும் பின்னே வாழ்வோர் இதனை நன்கு உணர்வர். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையேயுள்ள நுண்ணலை இணைப்புகள் கடும் மழையால் நலிவுறுவதும் உண்டு. யாவற்றிலும் பெரியது மின்வெட்டு. கோபுரத்தின் மின்கலங்கள் சில மணிநேரமே தாங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கி, மலைநாடெங்கும் மண்சரிவுகள் நேர்ந்தபோது, மின்சாரமும் இணைப்பு வடங்களும் அறுந்து, பல பகுதிகளிற் கோபுரங்கள் ஓய்ந்தன. அந்நிலையில் நல்ல கருவியும் கெட்ட கருவியும் ஒன்றே. இதனாற்றான், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியை வீட்டிலிருந்து அகற்றிவிடுதல் அறிவுடைமையன்று.

நிறுவனமும் பட்டையும் தெரிந்தபின் கருவிக்கு வரலாம். பெட்டியின் புறத்திலோ தயாரித்த நிறுவனத்தின் விவரக் குறிப்பிலோ, கருவி எந்தெந்தப் பட்டைகளைக் கேட்கும் என்று எழுதப்பட்டிருக்கும். நான்காந் தலைமுறையில் 900 மெகாஹேட்சுக்கு 8 என்றும், 1800 க்கு 3 என்றும், 2100 க்கு 1 என்றும், 850 க்கு 5 என்றும், 2300 க்கு 40 என்றும் குறியீடுகள் உண்டு. வீட்டுக்கு வரும் பட்டையின் எண் அப்பட்டியலில் இல்லையேல், கடைக்காரர் என்ன சொன்னாலும் அக்கருவியை மேசைமீது வைத்துவிட்டு வந்துவிடுதல் வேண்டும். குறைந்த பட்டைகளான 5 உம் 8 உம் இருப்பது கிராமத்தவருக்கு எப்பொழுதும் நன்று. ஐந்தாந் தலைமுறை என்ற எழுத்தைப் பார்த்து அதிக பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண், அதன் வேகத்துக்குப் புகழ்பெற்ற 3500 மெகாஹேட்ஸ் அளவிலான பட்டைகள் குறுந்தூரம் செல்வன, நகரத்தெருக்களுக்கே உரியன.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மாமாவோ சித்தியோ அன்போடு அனுப்பும் தொலைபேசியை வேண்டாமென்று யார் சொல்வார்? ஆயினும் வட அமெரிக்காவில் விற்கப்படும் மலிவான மாதிரிகள் சில அந்நாட்டுப் பட்டைகளையே கேட்பன. இங்குள்ள 900 க்கும் 1800 க்கும் அவை செவிடு. வேறு சில, விற்ற நிறுவனத்தின் சிம் அட்டையன்றிப் பிறவற்றை ஏற்காதவாறு பூட்டப்பட்டவை. நான்காந் தலைமுறை அலையின் மீதே குரலை அனுப்பும் வசதியும் உண்டு. அதனை வோல்ட்டி என வழங்குவர். கருவி அவ்வசதி உடையதாயினும், உள்ளூர் நிறுவனம் அந்த மாதிரியை ஏற்றிராவிட்டால் அது இயங்காது. அப்போது, இணையம் வந்தும் பேச்சு வராத விசித்திரம் நேரும். அனுப்புவதற்கு முன்பே மாதிரியின் இலக்கத்தைக் கேட்டு எழுதினால் அன்பளிப்பு வீணாகாது. உள்நாட்டிற் கைமாறி வரும் கருவியானால், *#06# என்று அழுத்தி 15 இலக்க அடையாள எண்ணைப் பெற்று, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்தும் 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது அங்கீகரிக்கப்பட்டதா என அறிந்துகொள்ளலாம். செய்தியில் முதலில் ஆங்கில எழுத்தில் ஐஎம்ஈஐ என்றும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணும் எழுதப்படும்.

இரண்டு சிம் அட்டைகளை ஏற்கும் கருவி கிராமத்தவருக்கு ஆடம்பரமன்று, தேவை. வீட்டில் ஒரு நிறுவனமும் வேலைத்தலத்தில் மற்றொரு நிறுவனமும் எட்டுமாயின் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கைமாறி வரும் பழைய கருவிகளிற் பல, ஓர் அறைக்கு நான்காந் தலைமுறையையும் மற்றதற்கு இரண்டாந் தலைமுறையை மட்டுமே கொடுப்பன; எதனை எங்கே இடுவது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு பழைய சிம் அட்டையையே புதிய கருவிக்கு மாற்றி இட்டுவிட்டு, நான்காந் தலைமுறை வரவில்லை என்று கருவியைக் குறைசொல்வோரும் உளர். அட்டையை நிறுவனத்தின் கிளையில் மாற்றிக்கொண்டால் இலக்கம் மாறாது, குறை தீர்ந்துவிடும்.

பட்டைகள் சமமானபின் எஞ்சுவது ஏரியல். இலங்கையிலே 1989 இற் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கிய காலத்துக் கருவிகளில் ஏரியல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இன்று அது உடலுக்குள் ஒளிந்துவிட்டது. விளிம்பிலும் மேல்கீழ் முனைகளிலும் மெல்லிய தகடாய்க் கிடக்கிறது. பிடிக்கும் கையும் சாயும் தலையும் அதனை மறைக்கின்றன. டென்மார்க்கின் ஓல்போர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கேர்ட் பெடர்சன் நோர்டிக் அமைச்சர் மன்றத்துக்காக 2016 இல் வெளியிட்ட அளவீடுகளில், செயற்கைக் கையும் தலையும் வைத்துப் பல கருவிகள் பரிசோதிக்கப்பட்டன. ஒரே கருவி வலக்கையில் ஒருவகையாகவும் இடக்கையில் வேறுவகையாகவும் கேட்டது. விலையுயர்ந்த சில, பட்டியலின் அடிப்பகுதியில் நின்றன. இதற்கு முந்திய ஆண்டில் பிரித்தானியாவின் ஒழுங்குபடுத்தும் அமைப்பாகிய ஒவ்கொம் நடத்திய பரிசோதனையிலும், பேச்சுக்கு, விசைகள் கொண்ட எளிய கருவிகள் தொடுதிரைக் கருவிகளிலும் பொதுவாக மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்கவல்லன என்று காணப்பட்டது. அளவீடுகள் ஆண்டுக்காண்டு வரும் புதிய மாதிரிகளுக்குப் பொருந்தா. ஆனால், விலைக்கும் செவிக்கும் உறவில்லை என்ற உண்மை பழசாகவில்லை.

ஆகவே, முதியோர் மட்டும் வாழும் வீட்டுக்கும், பேச்சே முதன்மையான வீட்டுக்கும், விசைகள் கொண்ட எளிய கருவியை இழிவாக எண்ணலாகாது. நான்காந் தலைமுறையில் இயங்கும் அத்தகைய மாதிரிகளும் சந்தைக்கு வந்துள்ளன. மின்கலம் நாட்கணக்கில் தாங்கும். கீழே விழுந்தால் நெஞ்சு பதறவேண்டியதில்லை. பாடம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் தொடுதிரைக் கருவி தவிர்க்க முடியாதது. இரண்டையும் ஒரே கருவியில் தேடி இரண்டையும் இழப்பதைவிட, கிடைக்கும் பணத்தை இரண்டாகப் பிரிப்பது நல்ல யோசனை. உலோகத் தகடோ காந்தமோ கொண்ட அலங்கார உறைகளை மட்டும் எந்தக் கருவிக்கும் போடுதல் ஆகாது.

வாங்கும் நாளில், விற்பவரோடு தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது. மூன்று நாளைக்குள் வீட்டிற் சமிக்ஞை வராவிடில் வேறு மாதிரி மாற்றித்தரச் சம்மதமா என்று கேட்டு, சம்மதத்தைப் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதுவித்துக்கொள்ளலாம். எல்லாரும் இணங்கார், ஊரவரோடு நெடுங்காலம் வியாபாரம் செய்யும் சிறு கடைக்காரர் பலர் இணங்குவர். வீட்டுக்கு வந்ததும், பழைய கருவியை வைத்து எண் குறித்த அதே இடங்களில், அதே சிம் அட்டையோடு, அதே மாலைவேளையிற் புதியதை வைத்துப் பார்த்தாற் போதும். அடுப்படியில் ஐந்தலகு கூடியிருந்தால் கொடுத்த பணத்துக்குப் பயன் கிட்டிற்று. இணையம் வந்து வந்து போகும் இடத்தில், கருவியை இரண்டாந் தலைமுறைக்கு மட்டும் மாற்றி வைத்தாற் பேச்சு நிலைத்து நிற்பதும் உண்டு, மின்கலமும் மிச்சப்படும்.

கடலோரத்தார்க்கு இக்குறைகளிற் பல இல்லை. நீரின் மேல் அலை தடையின்றி நெடுந்தூரம் செல்லும். தனுஷ்கோடிக்குச் செல்லும் யாத்திரிகரின் கருவிகளிலே இலங்கைக் கோபுரங்களின் வரவேற்புச் செய்தி தோன்றுவது பலரும் அறிந்த வேடிக்கை. எல்லையோரத்தில் வாழ்வோர், கருவி தானாகவே பிறநாட்டு வலையமைப்பைத் தேடிப் பற்றாதபடி, தெரிவைக் கையால் அமைத்துக்கொள்ளாவிடில் அந்த வேடிக்கைக்குப் பணமும் செலுத்த நேரும்.

எந்த நிறுவனத்தின் அலையும் எட்டாத பள்ளங்களும் உண்டு. அங்கே கருவியை மாற்றி மாற்றி வாங்குவது பணத்தை ஆற்றிற் போடுவதாகும். கூரைக்கு மேலே வெளி ஏரியல் பொருத்தக்கூடிய நான்காந் தலைமுறை வழிப்படுத்தியை வாங்கி, அதனைக் கோபுரத்தின் திசைக்குத் திருப்பி வைத்தாற் சில வீடுகளுக்கு இணையம் கிடைக்கும். கம்பியில்லா இணைப்பின் வழியே அழைப்பெடுக்கும் வசதியை நிறுவனம் வழங்குமாயின் பேச்சும் கிடைக்கும். சந்தையில் இரகசியமாக விற்கப்படும் சமிக்ஞை பெருக்கிகளை அனுமதியின்றிப் பொருத்துவது சட்டத்துக்கு மாறானது; அயலாரின் தொடர்பையும் அது குலைக்கும்.

இத்தகைய ஊரில், வீடு வீடாகக் குறித்த எண்களுக்கு வேறொரு பயனுமுண்டு. எங்கள் ஊரிற் கவரேஜ் இல்லை என்று எழுதும் மனுவுக்கு, கோபுரம் நாட்டும் நிறுவனங்கள் வழக்கமான மறுமொழி ஒன்றை வைத்திருக்கின்றன. எந்த நாளில், எந்த லயத்தில், எந்த நிறுவனத்தின் சிம் அட்டைக்கு, முற்றத்தில் எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று நாற்பது வீடுகளின் எண்களைப் பாடசாலைக் கொப்பியொன்றில் வரிசையாக எழுதி, கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்தோடு நிறுவனத்துக்கு ஒரு பிரதியும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு ஒரு பிரதியும் அனுப்பினால், அவ்வழக்கமான மறுமொழி போதாது. ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம் 1900. அந்த அழைப்பை எடுப்பதற்கு மட்டும், அவ்வூரார் இன்னும் ஒருமுறை அந்தப் பாறைக்கு ஏறத்தான் வேண்டும்.